பழைய பதிப்பின் புத்தகம்

போன வாரம் அம்பத்தூர் ஆலையிலிருந்து பிரகாஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்றபோது கணினிப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவன். நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"அண்ணா, சாப்ட்டீங்களா? ஒண்ணும் இல்ல, பேக்கேஜ் ஏத்துறதுக்கு ஒரு தாள் வச்சிருக்கீங்களே, அதுல ஏழாவது வரி கீதே, அத எடுத்துரலாம்னு பாக்குறோம். ரெண்டு பேரு எதிரும் புதிருமா குந்திகினு நம்பர கத்திகினு... போறவன் வர்றவன்லாம் ஹவுசி ஆடுறீங்களான்னு கேக்குறான். மானம் போவுது அண்ணா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டு, "எடுக்காதே" என்றேன்.

"ஏன் அண்ணா?"

போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். "ரெண்டு வரி போதும் அண்ணா" என்றான். இரண்டு வரியில் அடங்குகிற சமாச்சாரமாக இருந்திருந்தால், ஆலையை விட்டு வருவதற்கு முன்பே உங்கள் எல்லோருக்கும் சொல்லியிருப்பேன்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவனில்லை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, ஆலை வாசலில் வருகை அட்டை குத்தும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். டைம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட எல்லோருக்கும் பயம். "கரன்ட் அடிக்கும்யா" என்று மேஸ்திரி ஒருவர் மெய்யாகவே சொன்னார். நான் தொட்டேன், அடிக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த கம்ப்யூட்டர் புத்தகங்களை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து என்னைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எபனேசர் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

எங்கள் ஆலையில் பாரம் தூக்கும் கொக்கிகளும் சங்கிலி வளையங்களும் செய்வார்கள். அவற்றை இழுத்துப் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று சொல்வது சோதனைக்கூடம். வாங்குபவர்களின் வரைபடங்கள் அங்கே இருந்ததால், அந்தக் கூடத்துக் கம்ப்யூட்டர்களுக்கு வெளி இணையம் கிடையாது. கொக்கியை இழுக்கும்போது சுமை எவ்வளவு, எவ்வளவு நீண்டது என்று கருவி நொடிக்குப் பலமுறை எழுதும். அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட, கூடத்துக்காரர்கள் பைத்தான் மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

பைத்தானை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. உலகத்தில் எங்கோ யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்த நிரல் தொகுப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பேக்கேஜ் என்போம். ஒரு கட்டளை கொடுத்தால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கொடுப்பார்கள் பாருங்கள், கதை அப்படித்தான். மாத்திரை வரும், டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டு வராது. எதை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கமெல்லாம் பெரும்பாலும் இணையத்தில்தான் இருக்கும். இணையம் இருப்பவனுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. இணையம் இல்லாத கூடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்?

அதனால் எபனேசர் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பேக்கேஜ் உள்ளே போனால் அதன் விளக்கமும் கூடவே போக வேண்டும். அந்த விளக்கத்தைப் 'புத்தகம்' என்றுதான் சொல்வோம். ஆயத்தமாகக் கிடைக்கிற பொருள் இல்லை அது. மூலக் கோப்புகளை இறக்கி, அதற்கென்று இருக்கும் இன்னொரு நிரலைக் கொண்டு பக்கம் பக்கமாக ஆக்கி, கூடத்தின் பொதுக் கோப்புறையில் நாமே கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். வெளியே இறக்கியதை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சோதனைக்கூட வாசலைத் தாண்டும்போது காவலர் ஆறுமுகம் கேட்பார்:

"இன்னா நைனா, இன்னிக்கும் பொஸ்தகமா?"

"ஆமாய்யா."

"விரல் சைசு கூட இல்ல, இத்தப் போயி பொஸ்தகம்ன்றீங்கோ. எங்க ஊட்ல கீற பொஸ்தகத்துக்கு இந்தக் கதை தெரிஞ்சா அயுதுடும்."

எபனேசர் சார் ஆவடிக்காரர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். குரல் ஏறாது. நாம் வேலையை முடித்துவிட்டோம் என்று சொன்னால் நம்ப மாட்டார், சந்தேகப்படவும் மாட்டார். பின்னால் வந்து நின்று, "காட்டு" என்பார். அந்த ஒரு சொல்தான். பேக்கேஜை ஏற்றிய திரையின் முன் நான் உட்கார வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து எதிர் மேசையில் அவர் உட்காருவார். என் திரை அவருக்குத் தெரியாது, அவர் திரை எனக்குத் தெரியாது. "எண்ணைச் சொல்லு" என்பார். நான் பதிப்பு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வேன். தன் பக்கத்தில் இருப்பதை அவர் சொல்வார். இரண்டும் ஒன்றானால் பதிவேட்டில் 'புத்தகம்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வார். இதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் இருந்தார், அதனால் நடந்தது.

"புத்தகம் இல்லேன்னா பரவாயில்ல, தாமோதரா. இல்லேன்னு தெரிஞ்சு நம்மகிட்ட வந்து கேப்பாங்க. வேற பதிப்போட புத்தகம் இருந்தா கேக்கவே மாட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். நான் மனிதர்கள் சொல்வதையெல்லாம் மனசில் சேர்த்து வைக்கிற ஆள். இதையும் சேர்த்து வைத்தேன், எடுத்துப் பார்க்கத்தான் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு நாங்கள் வைத்த புத்தகங்களை யார் படித்தார்கள் என்றால், அமுதா படித்தாள். மற்றவர்கள் பழைய நிரலைப் பிரதி எடுத்து ஓட்டுவார்கள். அமுதா பெரம்பலூர்ப் பக்கம். உலோகவியலில் டிப்ளமோ முடித்து, ஒப்பந்தத்தில் சோதனைக்கூடத்துக்கு வந்தவள். நெமிலிச்சேரியில் ஒரு அடுக்குமாடியில் இன்னும் இரண்டு பெண்களோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். பைத்தானைத் தானாகவே கற்றுக்கொண்டாள் என்பதால் எனக்கு அவள் மேல் தனிப் பிரியம். புத்தகத்தில் படித்ததைத் தமிழில் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள், கீழே தேதி போடுவாள்.

"அண்ணே, நீங்க வைக்கிற புத்தகத்தைப் படிக்கிற ஒரே ஆளு இந்த ஆலையிலயே நான்தான். எனக்குப் பொன்னாடை போத்தணும் நீங்க."

"நீ பர்மனென்ட் ஆகு, போத்துறேன்."

"ஆனதும் அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவேண்ணே. ஊர்ல தனியா கெடக்குது. பொன்னாடைய அம்மாவுக்குப் போத்துங்க."

ஒப்பந்தத்தில் மூன்று வருஷம் முடித்தவர்களை அந்த ஆவணி மாதத்தில் நிரந்தரமாக்குவதாக இருந்தது. பட்டியலில் அவள் பெயர் இருந்ததை நானே பார்த்தேன்.

அந்த ஆனியில் எபனேசர் சாருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. இரண்டு மாதத்துக்கு மேல் விடுப்பு. ஆடி பிறந்த கையோடு, இழுத்துப் பார்க்கும் இயந்திரம் புதிதாக வந்தது. அது எழுதும் கோப்பைப் படித்து, சுமைக்கும் நீட்சிக்கும் வரைகோடு போட, நாங்கள் வளைகோட்டு பேக்கேஜ் என்று அழைக்கும் ஒன்றின் புதுப் பதிப்பு வேண்டும். கூடத்தில் இருந்தது ஒன்று புள்ளி எட்டு. வேண்டியது இரண்டு புள்ளி ஒன்று. வெள்ளிக்கிழமை கேட்டார்கள், திங்கட்கிழமை வேண்டும் என்றார்கள்.

சனிக்கிழமை உட்கார்ந்தேன். பேக்கேஜ் ஐந்து நிமிஷத்தில் ஏறிவிட்டது. புத்தகம்தான் வரவில்லை. பக்கங்களை ஆக்கும் நிரல், இல்லாத ஒரு துணைத் தொகுப்பைக் கேட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டது. பாதியில் இணையத்தைத் தேடிப் போய், கிடைக்காமல் சிவப்பு எழுத்துகளைக் கக்கிவிட்டு நின்றது. மூன்று மணிவரை பார்த்தேன். தலை வலித்தது. அடுத்த வாரம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு பதிப்புக்கும் இன்னொரு பதிப்புக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பதிவேட்டில் 'புத்தகம்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் திங்கட்கிழமை கூடத்துக்காரர்கள் பேக்கேஜை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அது எபனேசர் சார் போட்ட விதி. டிக் அடித்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பேக்கேஜை மாற்றும்போது அந்தக் கட்டளை, தான் முன்பு வைத்ததை மட்டும்தான் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். புத்தகம் நாம் கையால் வைத்தது, அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆக, கோப்புறையில் பழைய பதிப்பின் புத்தகம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அட்டையில் பேக்கேஜின் பெயர் சரியாக இருந்தது. பதிப்பு எண் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த வாரமும்.

இரண்டு பதிப்புக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். கருவியின் கம்பி சற்றுத் தளர்ந்தால் நடுவில் சில அளவுகள் பதிவாகாமல் விட்டுப்போகும். பழைய பதிப்பு அப்படி ஓர் இடைவெளியைக் கண்டால் 'எண் இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். புதுப் பதிப்பு நிற்காது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டு மேலே போய்விடும். நிற்க வேண்டுமென்றால் நாம் தனியாகச் சொல்ல வேண்டும். புதுப் புத்தகத்தில் அது தடித்த எழுத்தில் இருக்கிறது. பேக்கேஜிடமே நேராகக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அப்படிக் கேட்கிற திரையைக் கூடத்துக்காரர்களுக்குத் திறக்கக் கூடாது என்று பூட்டி வைத்தவனும் நான்தான்.

அமுதா புத்தகத்தைப் படித்தாள். இடைவெளி இருந்தால் நின்றுவிடும் என்று போட்டிருந்தது. நிரல் நிற்கவில்லை, ஆகவே இடைவெளி இல்லை என்று எடுத்துக்கொண்டாள். ஒரு தொகுதிக் கொக்கிகளுக்குத் 'தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். வாங்கியவர்களின் இடத்தில் சோதனைக்காகப் பாரம் ஏற்றிப் பார்த்தபோது ஒரு கொக்கி வாய் திறந்துவிட்டது. கீழே ஆள் யாரும் இல்லை. தொகுதி முழுவதும் திரும்பி வந்தது. கேன்டீனில் பேச்சு இதுதான். எங்கள் கூடத்தில் இழுத்தபோது கொக்கி விரியத் தொடங்கிய அந்தச் சில நொடிகள்தான் பதிவாகாமல் விட்டுப்போனவை என்று அப்புறம் கண்டுபிடித்தார்கள். நேர்கோடு அதை மூடிவிட்டது.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அமுதா என் மேசைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் பயம் இல்லை.

"அண்ணே, நாளைக்குக் காலையில விசாரணை வச்சிருக்காங்க. எடைவெளி இருந்தா நின்னுரும்னுதானே புத்தகத்துல போட்டிருக்கு? நான் நோட்டுல எழுதியே வச்சிருக்கேன். நாளைக்கு அவங்க முன்னாடியே புத்தகத்தத் தெறந்து காட்டிடறேன். நீங்களும் இருப்பீங்கள்ல?"

"இருப்பேம்மா" என்றேன்.

அவள் பஸ்ஸுக்குப் போனாள். நான் உட்கார்ந்து, சனிக்கிழமை முடியாத அந்த வேலையை முடித்தேன். துணைத் தொகுப்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன், இணையத்தைத் தேடிப் போகிற வரியை அணைத்தேன். ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அவ்வளவுதான் அந்த வேலை. பழைய புத்தகத்தை அழித்துவிட்டு இரண்டு புள்ளி ஒன்றின் புத்தகத்தை வைத்தேன். தப்பாக இருந்ததைச் சரி செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விசாரணை அறையில் ஆலை மேலாளர், தரப் பிரிவுத் தலைவர், அமுதா, பதிவேட்டோடு நான். அமுதா தன் நோட்டைத் திறந்து அந்த வரியைப் படித்தாள். புத்தகத்திலிருந்து எழுதியது என்று சொல்லி, சுவரில் தெரிந்த திரையில் அந்தப் பக்கத்தைத் தானே திறந்தாள். தடித்த எழுத்தில் இருந்தது: இடைவெளிகள் இணைக்கப்படும்.

அவள் இரண்டு தரம் படித்தாள். பக்கத்தை மூடித் திறந்தாள்.

"இது... இப்படி இல்ல சார். நான் படிச்சப்ப இப்படி இல்ல."

"புத்தகம் எந்திரிச்சு நடந்துச்சாம்மா?" என்றார் தரப் பிரிவுத் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "தாமோதரன், பேக்கேஜோட புத்தகமும் சேர்ந்துதானே உள்ள போச்சு?"

அமுதா என்னைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அண்ணன் இருக்கிறார், சொல்லுவார் என்கிற பார்வை அது.

"பதிவேட்டுல டிக் இருக்கு சார்" என்றேன்.

டிக் இருந்தது உண்மைதான்.

நோட்டைத் தப்பாக எழுதிக்கொண்டாள், அதை மறைக்கப் புத்தகத்தின் மேல் பழி போடுகிறாள் என்று முடிவாயிற்று. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்தது. போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். "எனக்கே ஒண்ணும் புரியலண்ணே" என்றாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

எபனேசர் சார் புரட்டாசியில் கைத்தடியோடு வந்தார். நடந்ததைக் கேட்டார். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

"காட்டு."

புத்தகக் கோப்புறையைத் திறந்தேன். அவர் பக்கங்களைப் படிக்கவில்லை. கோப்புறை உண்டான தேதியைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். டிக் ஆடியில். புத்தகம் ஆவணியில், விசாரணைக்கு முந்தைய நாள் மாலை ஆறே முக்காலுக்கு. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீயே போய்ச் சொல்றியா? நான் கூட வரட்டுமா?"

கூடவே வந்தார். கைத்தடி ஊன்றி மாடிப்படி ஏறினார். மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வாங்கினவங்களுக்கு ஒரு ஆளோட தப்புன்னு எழுதி, ஆளையும் எடுத்துட்டோம்னு பதில் அனுப்பியாச்சு. அவங்களும் ஏத்துக்கிட்டாங்க. இப்போ போயி எங்க கணினிப் பிரிவுதான் தப்புன்னு எழுதினா, இதுவரைக்கும் குடுத்த அத்தனை ரிப்போர்ட்டையும் திருப்பிக் கேப்பாங்க. முந்நூறு குடும்பம் சார் இது. அந்தப் பொண்ணு எங்கயாவது பொழச்சுக்கும். உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்கு தாமோதரன்?"

"நாலு சார்."

"அப்போ போய் வேலையப் பாருங்க."

எபனேசர் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். படியிறங்கி வந்து, பேக்கேஜ் ஏற்றும் தாளில் இருந்த ஆறு வரிகளுக்குக் கீழே சார் தன் கையால் ஏழாவது வரியை எழுதினார். இரண்டு பேர், இரண்டு திரை, எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், தனியாக இருப்பவன் டிக் அடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. "எண்ணைச் சொல்லு" என்பார், சொல்வேன். முன்பெல்லாம் நடுவில் வீட்டுக் கதை பேசுவோம், அது நின்றுபோயிற்று.

அமுதாவை நான் தேடிப் போகவில்லை. நெமிலிச்சேரி என் வீட்டிலிருந்து தூரமே இல்லை. ஆனாலும் போகவில்லை. வேலையில் இருந்த நான்கு வருஷமும் போகவில்லை, ஓய்வு பெற்று ஒரு வருஷமும் போகவில்லை. போன தையில் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் தற்செயலாகப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டிகளின் பார்கோடை ஸ்கேன் செய்கிற வேலை. இன்று விடுமுறை, டவுனுக்குப் போகிறேன் என்றாள்.

"அம்மா நல்லாருக்காங்களா?"

"அம்மா போயிருச்சுண்ணே. ரெண்டு வருஷம் ஆச்சு. ஊர்லதான்."

அதற்குப் பிறகும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, ஆறே முக்கால் மணிவரை சொன்னேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நான்தான் தப்பாப் படிச்சுட்டேனோன்னு நெனச்சுட்டேண்ணே" என்றாள். "அந்த நோட்ட எத்தன தடவ எடுத்துப் பாத்திருப்பேன்! என் கையெழுத்துதான், தேதியும் இருக்கு. ஆனா புத்தகத்துல வேற மாதிரி இருக்கே. அப்போ என் கண்ணுலதான் கோளாறுன்னு... ரெண்டு எடத்துல இதே லேப் வேலைக்குக் கூப்பிட்டாங்க, போகல. மறுபடியும் எதையாவது மாத்திப் படிச்சு வச்சா? படிச்சத எழுதி வைக்கிறதையும் விட்டுட்டேன். கெடங்குல படிக்க ஒண்ணும் இல்ல. பீப்னு சத்தம் வந்தா சரி, வரலேன்னா தப்பு."

நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன்.

"வண்டி வருதுண்ணே" என்று எழுந்தாள். பெண்கள் பெட்டி நிற்கிற இடத்துக்கு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிரகாஷ், உங்கள் புது ஏற்பாட்டில் பேக்கேஜும் புத்தகமும் தாமாகவே ஒன்றாக வந்துவிடும், எண்ணையும் தானே ஒப்பிட்டுவிடும் என்று போனை வைக்கும் முன் சொன்னாய். இருக்கலாம். ஏழாவது வரியை எடுப்பதானால் எடுத்துக்கொள். ஆனால் நான் எழுதிய இந்தக் கடிதத்தை மேலாளர் அறையிலிருந்து சோதனைக்கூடம் வரை எல்லோரும் படிக்கிற மாதிரி ஒட்டு. என் பெயரையும் ஒட்டு. ஓய்வூதியத்துக்கு ஏதாவது வந்தால் வரட்டும். ஆலைக் கோப்பில் இன்றைக்கும் வேறு மாதிரித்தான் எழுதியிருக்கிறது, அதனால் கீழே உள்ளதை மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில் போடு.

அமுதா தன் நோட்டில் எழுதியிருந்தது சரி. அவள் படித்த அன்று புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தை அழித்தவன் நான்.